டைமிங் வைத்தது நான்தான்

என் அக்கா மகனின் வலது கணுக்கால் உடைந்தது அவன் மிதிக்கத் தெரியாமல் மிதித்ததால் அல்ல, நான் வைத்த டைமிங்கால். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும், அக்காவிடமும், அத்தானிடமும், பிறகு நலம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் நான் வேறு விதமாகச் சொன்னேன். செருப்பு போட்டுக்கொண்டு மிதித்தான் என்றேன். அம்மீட்டர் முள்ளைப் பார்க்காமல் மிதித்தான் என்றேன். பாதி மிதியில் காலைத் தளர்த்திவிட்டான் என்றேன். இவற்றில் செருப்பு மட்டும் உண்மை.

வண்டி 1984 மாடல் புல்லட் 350. நான் வாங்கியபோதே கை மாறி வந்ததுதான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், கிக்கரும் வலது பக்கம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த டிசைன். நம் ராணுவம் 800 வண்டி கேட்டதும், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதும், அது திருவொற்றியூருக்கு வந்து பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. பிறந்த ஊரில் ஆலையை மூடிய பிறகும் இங்கே செய்துகொண்டே இருந்தார்கள். இந்த வண்டியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நாலு ஸ்பேனரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். பிரிப்பதற்கு அறிவு எதுவும் வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்களைக் கெடுத்தது அதுதான்.

தஞ்சாவூரில் எங்கள் தெருவில் எனக்கு 'புல்லட்காரர்' என்று பெயர். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியதைவிட இந்தப் பெயரில்தான் எனக்குப் பெருமை. பக்கத்துத் தெருப் பையன்கள் பழைய யெஸ்டியையும் ஆர்எக்ஸ் 100ஐயும் தள்ளிக்கொண்டு வருவார்கள். "ஐட்லிங் நிக்கல சார், ஒரு பார்வை பாருங்க" என்பார்கள். பார்ப்பேன். பார்ப்பதாவது, காதைச் சாய்த்துக்கொண்டு கேட்பேன். "கார்புரேட்டர்" என்பேன். பெரும்பாலும் கார்புரேட்டராகத்தான் இருக்கும், ஏனென்றால் மாசக்கணக்கில் நின்ற வண்டியில் பைலட் ஜெட் அடைத்துக்கொள்வதுதான் வழக்கம். அந்த நூலிழை ஓட்டைக்குள் பழைய பெட்ரோல் பிசினாகிக் கிடக்கும். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து மாட்டினால் வண்டி நின்றுகொண்டு அழகாகத் துடிக்கும். அப்படி வாங்கிய புகழ்தான் என்னுடையது.

கார்புரேட்டரை எனக்கு ஓரளவு தெரியும் என்பதை மறுக்கவில்லை. என் வண்டியோடு வந்தது எப்போதோ போய், அதன் இடத்தில் மிக்கார்ப் இருந்தது. ஜப்பானின் மிகுனி நுட்பத்தில் சென்னையில் செய்த சரக்கு. ஆக்ஸிலேட்டரை மூடி வைத்திருக்கும்போதும் லேசாகத் திறக்கும்போதும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும். இன்னும் கொஞ்சம் திறந்தால் ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு பேசும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடிலின் ராஜ்ஜியம். அதற்கு மேல் மெயின் ஜெட். ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் குறையும். நீடில் தலையில் இருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறி, நடு ஓட்டத்தில் பெட்ரோல் கூடும். இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சென்னைக்குப் போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இறங்கி ஜெட் வாங்காமல் திரும்பியதில்லை. தேவை இருந்து வாங்கியதும் உண்டு, இல்லாமல் வாங்கியதும் உண்டு.

எனக்குக் கார்புரேட்டர் பிடித்துப்போனதற்கு உண்மையான காரணம் வேறு. அது உடனே பதில் சொல்லும். ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பினால் எஞ்சின் சத்தம் மாறும். சத்தம் மாறினால் நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று தோன்றும். சுற்றி நாலு பேர் நின்றால் அவர்களுக்கும் தோன்றும். சத்தம் மாறியதற்கும் வியாதி தீர்ந்ததற்கும் உள்ள தூரத்தை நான் அளந்து பார்த்ததே இல்லை.

இக்னிஷன் பக்கம் நான் போனதில்லை. பாயிண்ட், கண்டன்சர், ஆட்டோ அட்வான்ஸ் எல்லாம் வலது பக்க மூடிக்குள் இருந்தன. மெக்கானிக் அந்த மூடியைக் கழற்றும்போது நான் டீ டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். அவர் பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு, பின் சக்கரத்தை மெல்ல உருட்டி, பாயிண்ட் இடுக்கில் சிகரெட் பேப்பரை வைத்து இழுத்துப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் "இப்ப கரெக்டா இருக்கு பாருங்க" என்பார். "ஆமாமா" என்பேன். எது கரெக்ட், எப்படிக் கரெக்ட் என்று கேட்டதில்லை. தெருவே சார் சார் என்று வந்து நிற்கும் வயதில், அட்வான்ஸ் என்றால் என்ன என்று யாரிடம் போய்க் கேட்பது?

கதைக்கு வருகிறேன். வண்டி மெல்ல மெல்ல மந்தமானது. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டி வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடித்தது. எஞ்சினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப் நீலம் பாரித்தது. சீட்டில் உட்கார்ந்தால் தொடையில் அனல். பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம், அதனால் சூடு என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்போது 2022. பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது கையில் கிடைத்த சாட்சி. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே எத்தனால் கலந்தால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் வறட்சியாகும் என்பது உண்மைதான். ஆனால் 10 சதவீதக் கலப்பில் அந்த வித்தியாசம் நூற்றுக்கு நாலு அளவில்தான். நாலு சதவீதத்துக்கு எந்தப் பெண்ட் பைப்பும் நீலமாகாது. இந்தக் கணக்கை நான் அப்போதே போட்டிருக்கலாம். வங்கியில் வேலை பார்த்தவன். போடவில்லை. தெருவில் எத்தனாலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய சாட்சி கையிலேயே இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காபிப் பொடி நிறத்தில், பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. வறட்சியாக எரிந்தால் பிளக் வெளுத்திருக்க வேண்டும். நிறம் சரியாக இருந்தால் கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கார்புரேட்டர் நிரபராதி என்று பிளக் சொன்னது. துடைத்து மாட்டிவிட்டேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்று உறிஞ்சுகிறதா என்றும் பார்த்தேன். வண்டி ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைப் பீச்சினால், இடுக்கில் உறிஞ்சுகிற இடம் இருந்தால் ஐட்லிங் மாறும். மாறவில்லை. இரண்டாவது சாட்சியும் கார்புரேட்டர் பக்கமே. அதையும் தள்ளிவிட்டு, நீடில் கிளிப்பை இறக்கினேன், மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினேன், ஏர் ஸ்க்ரூவை உள்ளே விட்டேன். பிளக் கரியானது. மைலேஜ் போனது. பைப் மேலும் நீலமானது. பிளக் கறுப்பு, பைப் நீலம். இந்த இரண்டையும் ஒரே வண்டியில் பார்த்த எவனும் அந்த இடத்திலேயே கார்புரேட்டரை மூடிவிட்டு வலது பக்க மூடியைக் கழற்றியிருப்பான்.

நடந்தது மிகச் சாதாரணமானது. பாயிண்டைத் திறந்து மூடும் கேம் மேல் உரசிக்கொண்டு ஓடும் ஒரு சின்னக் குதிகால் பாயிண்டில் உண்டு, பைபர் துண்டு. கிரீஸ் காய்ந்துபோனால் அது தேயும். குதிகால் தேய்ந்தால் பாயிண்ட் திறக்கும் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். திறக்கும் நொடியில்தான் காயிலிலிருந்து பிளக்குக்கு நெருப்பு போகிறது, ஆகவே நெருப்பும் தாமதம். பெட்ரோல் புகை பற்றியதும் ஒரே கணத்தில் எரிந்து தீர்வதில்லை, எரிய நேரம் பிடிக்கிறது. 3000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்குப் போவதற்கு முன்பே தீ வைக்கிறோம். வேகம் கூடக் கூட இன்னும் முன்பே வைப்பதற்கு ஆட்டோ அட்வான்ஸ் என்று குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த ஓர் அமைப்பு உள்ளே சுழல்கிறது. தீ தாமதமானால் எரிந்து தீருவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்ளும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு பைப்புக்குள் போகும். இழுவை போகும், பைப் நீலமாகும், சைலன்சர் வெடிக்கும். என் வண்டியின் மூன்று வியாதியும் இந்த ஒரு வரிதான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மூடியைக் கழற்றினேன். விவரம் தெரிந்து கழற்றவில்லை. கார்புரேட்டரில் திருப்ப இனி ஸ்க்ரூ மிச்சமில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டே பாயிண்ட் பிளேட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஐட்லிங் ஏறியது. இன்னும் நகர்த்தினேன், இன்னும் ஏறியது. எனக்குப் பழகிய பாஷை. சத்தம் நன்றாக வந்த இடத்தில் ஸ்க்ரூவை இறுக்கினேன். அட்வான்ஸ் கூடினால் நின்ற இடத்தில் எந்த எஞ்சினும் ஐட்லிங் ஏறத்தான் செய்யும், அது சரியான இடம் என்பதற்குச் சான்று அல்ல. மேம்பாலம் போய்வந்தேன். பறந்தது. மூன்றாவது கியருக்கு இறங்கவே இல்லை. தெருவில் இரண்டு பேரிடம் "டைமிங்தான், நானே வெச்சுட்டேன்" என்று சொன்னேன்.

அடுத்த வாரம் பாயிண்டைப் பார்த்தேன், முகம் குழியும் மேடுமாக இருந்தது. மெல்லிய அரத்தால் ராவி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.40 மில்லிமீட்டருக்கு வைத்தேன். 0.35 முதல் 0.40 வரை இருக்கலாம் என்று கையேடு சொல்கிறது, அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும். குறைந்திருந்த இடைவெளியை விரித்தால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும். தேய்மானத்தால் வந்த தாமதத்தைப் பிளேட்டை நகர்த்தி ஒருமுறை ஈடுகட்டியாயிற்று; இப்போது இடைவெளியை விரித்து அதே தாமதத்தை இரண்டாம் முறை ஈடுகட்டினேன். ஒரே கடனுக்கு இரண்டு தடவை வசூல். முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்பதுதான் வரிசை. இது தெரியாமல் செய்தேன் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. கையேட்டில் அந்தப் பக்கத்தை அன்று சாயங்காலம் திறந்துவைத்துக்கொண்டுதான் ஃபீலர் கேஜைத் தேடினேன். அடுத்த பத்தியிலேயே இருந்தது: ஆட்டோ அட்வான்ஸ் முழுதும் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலேறும்போது, உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 0.8 மில்லிமீட்டர் என்பது கிராங்க் சுற்றில் ஏறக்குறைய பத்து டிகிரி. உச்சிக்குப் பக்கத்தில் கிராங்க் இவ்வளவு திரும்பினாலும் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை, அதனால்தான் கண்மதிப்பில் வைக்க முடியாது, அளந்துதான் வைக்க வேண்டும். படித்தேன். இருட்டிவிட்டது. கம்பியைத் தேட வேண்டும், பிளக்கைக் கழற்ற வேண்டும், எது கம்ப்ரஷன் எது எக்ஸாஸ்ட் என்று பார்க்க வேண்டும். அதை நான் தனியாகச் செய்ததே இல்லை. மூடியை மாட்டிவிட்டேன்.

மறுநாள் மேம்பாலத்தில் எஞ்சினுக்குள் கிலுகிலு என்று ஒரு சத்தம் கேட்டது. நாக்கிங். தீ முன்கூட்டிப் பற்றினால் வரும் சத்தம். கேட்டது எனக்கு. ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் அக்கா மகன் வந்தான். காலேஜ் லீவு. சின்ன வயதிலிருந்து பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்தவன், இந்த லீவில் கிக் அடித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைக்கலாம் என்று நான் மிதித்தேன். முதல் மிதியில் கிக்கர் ரிட்டர்ன் அடித்தது. பெரிய அடி இல்லை. பாதத்தின் அடியில் சுத்தியலால் தட்டியதுபோல ஒரு குத்து. ஷூ போட்டிருந்தேன். அடுத்த மிதியில் ஸ்டார்ட் ஆனது.

நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்தக் குத்தைத்தான். அது என்ன என்று எனக்குத் தெரியும். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு வெகு முன்பே தீப்பற்றினால், எரிகிற காற்று பிஸ்டனை வந்த வழியே கீழே தள்ளும். கிராங்க் எதிர்த் திசையில் சுற்றும். அந்தச் சுற்று கியர் பல் வழியாகக் கிக்கருக்கு வந்து, நம் எடை முழுவதும் இறங்கிக்கொண்டிருக்கும் காலை மேலே அடிக்கும். இதற்கு அட்வான்ஸ் அதிகம் என்பதைத் தவிர வேறு பெயர் சொல்ல முடியாது. முந்தா நாள் இருட்டில் செய்யாமல் விட்ட வேலைதான் காலில் தட்டியது. வண்டியை அணைத்து, "இன்னைக்கு வேணாம்டா, ஒரு வேலை பாக்கியிருக்கு" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தெருவில் டைமிங் வைத்ததாகச் சொல்லியாயிற்று. அவனிடமும் முதல் நாள் ராத்திரி போனில் பீற்றியாயிற்று. சொல்லவில்லை.

அவன் வந்தான். செருப்போடுதான் வந்தான், நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஷூ போடச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தேன். சாவியைப் போடு. கிக்கரை மெதுவாக அழுத்து. அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்து. இடது கையில் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு சின்ன அழுத்து அழுத்தி, லீவரை விட்டுவிடு. கிக்கரை மேலே வர விடு. பிறகு முழு உடம்போடு, கடைசி வரைக்கும் மிதி. அவன் நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தான். முள் நடுவுக்கு வந்ததும் "வந்துடுச்சு மாமா" என்றான். நான் குனிந்து பார்த்தேன், வந்திருந்தது.

அம்மீட்டரைப் பார்க்கவில்லை என்று பிறகு அவன்மேல் பழி போட்டேனே, அது பொய் என்பதோடு நிற்கவில்லை. முள் நடுவுக்கு வருவது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதன் அடையாளம் அல்ல, பாயிண்ட் திறந்ததன் அடையாளம். டைமிங் சரியாக இருக்கும் வண்டியில் பாயிண்ட் உச்சிக்குப் பக்கத்தில் திறக்கும், அதனால் முள்ளை நம்பி இன்னும் கொஞ்சம் தள்ளினால் பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிற்கும். அடுத்த மிதி இலேசாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். பாயிண்டே சீக்கிரம் திறந்தால் முள்ளும் சீக்கிரம் நடுவுக்கு வரும். அதே சின்ன அழுத்து அழுத்தினாலும் பிஸ்டன் உச்சிக்கு இந்தப் பக்கமே நிற்கும். மிதி கம்ப்ரஷனோடு மல்லுக்கட்டித் தொடங்கும், வேகம் வராது, அடுத்த சுற்றில் தீ முந்திக்கொள்ளும். ஆக, பையன் முள்ளைப் பார்த்ததுதான் அவனுக்கு வினை. அந்த முள்ளைப் பொய் சொல்ல வைத்தது என் கை.

மிதித்தான். சத்தம் ஒன்று வந்தது, எஞ்சின் சத்தம் அல்ல. அவன் வண்டியோடு சேர்ந்து என்மேல் சாய்ந்தான்.

ஆட்டோவில் போகும்போதே நான் கதையைத் தயார் செய்துவிட்டேன் என்பதை எழுதக் கூசுகிறது. டாக்டர் "எப்படி ஆச்சு" என்றதும் அவன் வாயைத் திறப்பதற்குள் நான், "செருப்புக் காலோட பாதி மிதி மிதிச்சான் டாக்டர், புல்லட்ல அப்படி மிதிக்கக் கூடாது" என்றேன். வலியில் இருந்தவன் என்னைப் பார்த்தான். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான், பிறகு அப்படித்தான் சொன்னான். அக்கா வந்து அவனைத்தான் திட்டினாள். "உனக்கு எதுக்குடா இந்த வேலை, மாமா சொன்னதக் கேட்டு நடந்தியா?" என்றாள். நான் பக்கத்தில் நின்று, "விடுக்கா, சின்னப் பையன், போகப் போகத் தெரிஞ்சுக்குவான்" என்றேன். அப்போது நான் நல்லவனாகவும் தெரிந்தேன்.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வழக்கமாகப் பார்ப்பவரிடம் போனால் பிளேட்டைப் பார்த்த உடனே என் கைவேலை என்று கண்டுபிடித்துவிடுவார். புதியவர் மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டு, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரைக் கையால் அழுத்தினார். நிமிர்ந்து, "யார் சார் இவ்ளோ அட்வான்ஸ் வெச்சது? காலை ஒடைச்சிரும்" என்றார். நான் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கின் பெயரைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பிளேட்டைத் திருப்பி, இடைவெளி பார்த்து, அளந்து வைத்தார். பிறகு கார்புரேட்டரைத் திறந்து, "இதுல எதுக்கு இவ்ளோ பெரிய ஜெட்டு?" என்றார். அதற்கும் அதே பெயரைச் சொன்னேன். தஞ்சாவூரில் பழைய புல்லட் பார்க்கிறவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். அந்தப் பேச்சு உரியவர் காதுக்குப் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. கீழவாசலில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்தார், நிற்காமல் போனார்.

கணுக்கால் கூடிவிட்டது. மழைக்காலத்தில் கொஞ்சம் வலிக்கிறது என்பான். கிக்கர் வைத்த எந்த வண்டியையும் தொடுவதில்லை. அத்தான் அவனுக்கு பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பையன்கள் வண்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் தன் கதையைத் தானே எடுத்துவிட்டான். "எனக்கெல்லாம் புல்லட் ஆகாதுப்பா, மாமா அவ்ளோ தெளிவா சொல்லிக் குடுத்தும் சொதப்பி காலை ஒடைச்சுக்கிட்ட ஆளு நான்" என்று நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். இலையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. தன்னைப் பற்றி அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான், அது நான் கட்டிக்கொடுத்த முடிவு.

பொங்கலுக்கு வந்தபோது சொன்னேன். கொல்லையில், யாரும் இல்லாதபோது. டைமிங், இடைவெளி, இருட்டிவிட்டது என்பதெல்லாம் சொன்னேன். விளக்கம் அதிகமாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவன் கடைசி வரை கேட்டான். இன்ஜினியரிங் படித்தவன், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"கேப் மாத்தினா டைமிங் மாறும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா மாமா?"

"தெரியும்."

"அன்னைக்குக் காலைல உங்களையும் அடிச்சுதா?"

இதை நான் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னவன் அதை மட்டும் விட்டிருந்தேன். அவனாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவு அட்வான்ஸில் முந்தைய மிதிக்கும் அடித்திருக்க வேண்டுமே என்று. "லேசா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா உங்களுக்காகப் பேசறேன்னு நெனைப்பாங்க" என்றான். புல்லட் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டான். ஓடுகிறது, பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம் என்று இருக்கிறேன் என்றேன். "போடுங்க. ஆனா நீங்க போடாதீங்க" என்றான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவனத் திட்டினேனே, நீ பக்கத்துலதான நின்னே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அத்தான் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மெக்கானிக்கிடம் மட்டும் இன்னும் போகவில்லை. அவர் பெயர் கெட்டதை அந்தப் புதியவரிடம் போய்த் திருத்திச் சொன்னேன். அவர் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டபடி, "அப்பவே நெனைச்சேன் சார், அவரு அப்படி வெக்க மாட்டாரு" என்றார். அது போதாது, கடைக்கே போய் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் கடை இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால், நான் இப்போதும் பெரிய கோயில் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.